மலைநாட்டு கிட் காருக்கு எந்த நக்கிள்? அலோயைக் கழற்றிவிட்டு இரும்புக்கு வந்த கதை

என் காரின் முன்சக்கரங்களில் இப்போது இருப்பது தகடு வெட்டி வெல்டிங் பிடித்த இரும்பு நக்கிள். அதற்கு முன் பதினெட்டு மாதம் அலோய் (அலுமினியக் கலப்பு உலோகம்) நக்கிள் இருந்தது. அதற்கும் முன், வண்டி முதன்முதலில் உருண்டபோது, பழைய ஜப்பான் வேன் ஒன்றிலிருந்து கழற்றிய வார்ப்பிரும்பு. மூன்றையும் ஒரே செசியில் (காரின் சட்டகத்தில்) மாட்டி ஒரே பாதைகளில் ஓட்டியிருக்கிறேன், அந்த தைரியத்தில்தான் எழுதுகிறேன். நக்கிள் என்பது சக்கரத்தைச் செசியோடு இணைக்கும் மேல் ஆர்ம், கீழ் ஆர்ம், சக்கரம் மாட்டும் ஹப், பிரேக் பிடிக்கும் கேலிப்பர், ஸ்டியரிங் கம்பி எல்லாம் வந்து சேரும் அந்த ஒரு துண்டு. வெளிநாட்டுக்காரர்கள் அப்ரைட் என்பார்கள், எங்கள் இலங்கை மலைநாட்டு ஹட்டன் கராஜில் அப்படிக் கேட்டால் யாருக்கும் விளங்காது.

என் கிட் கார் (பாகங்களைச் சேர்த்து நாமே கட்டும் கார்) 1957இல் வந்த லோட்டஸ் செவன் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் வடிவத்தைப் பின்பற்றியது. சதுரக் குழாயில் வெல்ட் செய்த செசி, டொயோட்டா 4கே எஞ்சின், பின்னால் கேஈ70 கொரோலாவின் அச்சு. பெட்ரோலோடு 560 கிலோ. பின்பக்கம் ஒரே அச்சு என்பதால் அங்கே நக்கிள் என்ற பேச்சே இல்லை, நான் சொல்வதெல்லாம் முன் இரண்டு சக்கரங்களைப் பற்றித்தான்.

முதலில் எல்லோரும் கேட்கும் எடை. என் தராசில் ஒரு பக்கத்துக்கு வார்ப்பிரும்பு 4.1 கிலோ, அலோய் 1.8, வெல்ட் செய்த இரும்பு 2.5. வார்ப்பிரும்பிலிருந்து அலோய்க்கு மாறிய அன்று வித்தியாசம் தெரிந்தது. தேயிலைத் தோட்டத்துப் பாதையில் கல் எழும்பி நிற்கும் இடங்களில் ஸ்டியரிங் கையை உதைப்பது குறைந்தது, சக்கரம் குழிக்குள் இறங்கி ஏறுவது வேகமானது. இவ்வளவு எடை குறைந்த காரில் ஸ்பிரிங்கிற்குக் கீழே தொங்கும் ஒவ்வொரு கிலோவும் கணக்கில் வரும். 1,300 கிலோ காரில் இரண்டு கிலோவைக் கவனிக்க மாட்டீர்கள், இதில் கவனிப்பீர்கள். அது உண்மை, மறுக்கவில்லை.

ஆனால் அலோயிலிருந்து வெல்ட் செய்த இரும்புக்கு வந்தபோது ஒன்றுமே தெரியவில்லை. 700 கிராம் கூடியிருக்கிறது என்று தராசு சொல்கிறது, கை சொல்லவில்லை. ஹப்பையும் சேர்த்தால் கிட்டத்தட்ட ஒரு கிலோ கூடியிருக்கும், அப்படியும் தெரியவில்லை. அதனால் வேன் நக்கிளை இத்தோடு விட்டுவிடுகிறேன். வண்டியை முதலில் உருட்டிப் பார்க்க அது போதும், கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்கும், யாரும் பயமில்லாமல் போடலாம், கனம் மட்டும்தான் குறை. உண்மையான போட்டி அலோய்க்கும் நாமே வெல்ட் செய்யும் இரும்புக்கும் இடையில்தான்.

பலம் எது கூட என்ற வாதத்தில் நான் அதிகம் நிற்கப் போவதில்லை. அலுமினியத்தின் அடர்த்தி இரும்பில் மூன்றில் ஒரு பங்கு, விறைப்பும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு (70 கிகாபாஸ்கலுக்கு 210). அதனால் ஒரே அளவுக் குழாயை இரும்புக்குப் பதில் அலுமினியத்தில் போட்டால் எடை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு வளைவும் கூடும். இலாபம் கிடைப்பது துண்டைத் தடிமனாக்க இடம் இருக்கும் இடத்தில் மட்டும். நக்கிளில் அந்த இடம் இருக்கிறது, அங்கே அலோய் நியாயமான தேர்வு. ஆர்ம்களில் இடம் இல்லை, ஆர்ம்களை அலுமினியத்தில் செய்ய நினைப்பவர்கள் தயவுசெய்து விட்டுவிடுங்கள், 25 மி.மீ. இரும்புக் குழாயை அடிக்க அங்கே எதுவும் இல்லை.

இனி என் முடிவை மாற்றிய விஷயத்துக்கு வருகிறேன். அது பலமும் இல்லை, எடையும் இல்லை. பேரிங் உட்காரும் குழி.

நான் வாங்கிய அலோய் நக்கிள் 6061-டி6 என்ற சூட்டில் பதப்படுத்திய அலுமினிய வகைக் கட்டியிலிருந்து கடைந்தது. பார்க்க அழகு, வேலைப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதில் 68 மி.மீ. வெளிவிட்டமுள்ள பேரிங்கை பிரஸ்ஸில் வைத்து அமுக்கி இறக்க வேண்டும், முன்னால் ஒரு சர்க்ளிப் (குழியின் பள்ளத்தில் உட்காரும் பூட்டு வளையம்) போட வேண்டும். அவ்வளவுதான். பேரிங்கின் வெளிவளையம் சுழலாமல் பிடித்து நிறுத்துவது குழியின் இறுக்கம் மட்டும்தான், சர்க்ளிப் அது வெளியே நகராமல் தடுக்கும், சுழல்வதைத் தடுக்காது. வாங்கும்போது குழியை அளந்தேன். பேரிங்கை விட 0.05 மி.மீ. சிறிது. நல்ல இறுக்கம் என்று நினைத்தேன்.

மலைநாட்டில் ஒரு காரியம் நடக்கிறது, தட்டையான ஊரில் இருப்பவர்களுக்கு அது தோன்றாது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ரம்பொடை வளைவுகள் வழியாகக் கம்பளைக்கு இறங்கினால் 500 மீட்டருக்கும் கீழே வந்துவிடுவோம். என்னையும் சேர்த்து 640 கிலோவை அவ்வளவு தூரம் இறக்கும்போது வெளிவரும் சக்தி சுமார் 85 இலட்சம் ஜூல், அதாவது 25 லீட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு. எஞ்சின் ஒரு பங்கை வாங்கும், காற்று ஒரு பங்கை வாங்கும், மிச்சம் பிரேக் டிஸ்க்கில். டிஸ்க்கிலிருந்து ஹப்புக்கு, ஹப்பிலிருந்து பேரிங்குக்கு, பேரிங்கிலிருந்து நக்கிளுக்கு. முன் பிரேக்தான் அதிகம் உழைப்பதால் முன் நக்கிள்தான் அதிகம் சுடும்.

அலுமினியம் சூட்டில் இரும்பை விடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். ஒரு மீட்டருக்கு ஒரு பாகைக்கு அலுமினியம் 23 மைக்ரோன், பேரிங் எஃகு 12. வித்தியாசம் 11. குழியின் 68 மி.மீ.க்குக் கணக்குப் போட்டு, இரண்டும் 20 பாகையிலிருந்து 100 பாகைக்குப் போவதாக வைத்துக்கொண்டால், குழி பேரிங்கை விட 0.06 மி.மீ. கூடுதலாக விரிந்திருக்கும். என்னிடம் இருந்த இறுக்கம் 0.05. மலை இறங்கி முடியும் நேரத்தில் பேரிங் குழிக்குள் தளர்வாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். இந்தக் கணக்கை நான் முதலிலேயே போட்டிருக்க வேண்டும், நடந்த பிறகுதான் போட்டேன்.

நடந்தது இதுதான். இரண்டாவது முறை பேரிங் மாற்றி நாலு மாதம் இருக்கும். ஒரு சனிக்கிழமை கம்பளைக்கு இறங்கி, திரும்பும் வழியில் புசல்லாவைக்கு மேலே இடது வளைவுகளில் மட்டும் ஸ்டியரிங் மிதப்பது போல இருந்தது. காற்றுக் குறைந்திருக்கும் என்று டயரைப் பார்த்தேன், சரியாக இருந்தது. மெதுவாக வீட்டுக்கு வந்து ஜாக் போட்டு வலது சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டினால் ஆடுகிறது. கழற்றினேன். பேரிங்கை பிரஸ்ஸில் வைக்கவே தேவையில்லை, மரக்கட்டையால் தட்டியதும் வந்துவிட்டது. குழியின் உள்சுவர் கண்ணாடி போலப் பளபளவென்று தேய்ந்திருந்தது, வெளிவளையம் நீண்ட நாளாகச் சுழன்றிருக்கிறது. அளந்தால் 0.04 மி.மீ. பெரிது. இடது பக்கம் அவ்வளவு மோசமில்லை, ஆனால் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் என்ன செய்தும் சரிவரவில்லை. பேரிங் ஒட்டும் பசை போட்டேன். சூடு அதிகமானால் அதுவும் பிடியை விடும், விட்டது. குழியைப் பெரிதாகக் கடைந்து இரும்பு ஸ்லீவ் (உள்ளே போடும் உறை வளையம்) இறக்கலாம் என்று மாமா சொன்னார். மாமா தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் பிட்டராக இருந்தவர், ரோலர் மெசினின் தேய்ந்த குழிகளுக்கு எத்தனையோ ஸ்லீவ் போட்டவர். செய்யலாம்தான், ஆனால் கடைந்த பின் மிஞ்சும் சுவர் 5 மி.மீ. கூட வராது. "இதுல கை வைக்க எனக்கு மனசு வரல மருமகனே" என்று அவரே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அலோய்மேல் பழி போடவில்லை. கார்க் கம்பெனிகள் அலுமினிய நக்கிளை வருடக்கணக்காகப் போடுகின்றன, அவை நன்றாகத்தான் ஓடுகின்றன. அவர்கள் இந்த விரிவைக் கணக்கில் எடுத்துக் குழியை இன்னும் இறுக்கமாக வைப்பார்கள், அல்லது பேரிங்கை அமுக்கி இறக்காமல், மூன்று நான்கு போல்ட்டில் மாட்டும் ஹப் யூனிட்டாகப் போடுவார்கள். போல்ட்டில் மாட்டினால் குழி எவ்வளவு விரிந்தாலும் வளையம் சுழல முடியாது. ஆகவே அலோய்தான் வேண்டும் என்று நினைப்பவர்கள் வாங்குமுன் இந்த ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்: பேரிங் அமுக்கி இறக்குவதா, போல்ட்டில் மாட்டுவதா? போல்ட்டில் மாட்டும் அலோய் நக்கிளை நான் ஓட்டிப் பார்த்ததில்லை. என் குறைகளில் பாதிக்கு மேல் அதில் இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

மீதிப் பாதி பழுது பார்ப்பது. அதில் இரும்பு எங்கோ முன்னால் நிற்கிறது.

என் இரும்பு நக்கிளை இப்படிச் செய்தோம். டொயோட்டா விட்ஸ் மாதிரிச் சிறிய முன்சக்கர இழுவைக் கார்களின் பின் ஹப், நாலு போல்ட்டில் மாட்டும் யூனிட், எந்த டவுனிலும் கிடைக்கும். அதை முன்னால் மாட்டுவதற்கு 10 மி.மீ. தகட்டில் ஒரு முகம். அதைச் சுற்றி 3 மி.மீ. மைல்ட் ஸ்டீல் தகட்டை மடித்துப் பெட்டி போல வெல்டிங். மேலும் கீழும் ஆர்ம்களை இணைக்கும் போல் ஜொயின்ட்டுக்கு (உருண்டை மூட்டுக்கு) லேத்தில் கடைந்து ரீமரால் துளையைச் சரியான அளவுக்குச் சீவிய புஷ். கேலிப்பருக்கு இரண்டு காது. பெட்டியாக மடிப்பதுதான் இதன் உயிர், தட்டையான தகடு முறுக்கத்துக்கு நிற்காது, மூடிய பெட்டி நிற்கும். உயர்பலத் தகடு தேடி அலைய வேண்டாம், வெல்டிங் சூட்டில் அதன் குணம் மாறிவிடும். சாதாரண மைல்ட் ஸ்டீல் நல்ல வெல்டரின் கையில் நமக்குப் போதும்.

வேலையில் கஷ்டமான இடம் ஒன்று இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். வெல்டிங் சூட்டில் எல்லாம் இழுத்துக்கொள்ளும். முதல் ஜோடியை ஜிக் (துண்டுகளை அசையாமல் பிடிக்கும் சட்டம்) இல்லாமல் வெல்ட் பிடித்தோம், ஹப் முகம் ஒன்றரை மி.மீ. கோணி வந்தது, இரண்டையும் ஒதுக்கிவிட்டோம். இரண்டாவது ஜோடிக்குத் தடித்த தகட்டில் ஜிக் செய்து, ஹப்பின் இடத்தில் ஒரு பழைய ஹப்பையே போல்ட் போட்டு இறுக்கி, சின்னச் சின்னதாக மாறி மாறி வெல்ட் வைத்து, ஆறவிட்டு, கடைசியில் ஹப் முகத்தை லேத்தில் ஒரு சீவல் சீவினோம். அந்தக் கடைசிச் சீவல் இல்லாமல் முடிக்கவே கூடாது. இடமும் வலமும் கண்ணாடிப் பிம்பமாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன், ஸ்டியரிங் கை இணையும் துளையின் உயரம் இரண்டு பக்கமும் ஒரு மி.மீ. மாறினாலும் குழியில் விழும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும்.

ஹப் பற்றி ஒரு தயக்கம் எனக்கே இருக்கிறது. பின் சக்கரத்துக்காகச் செய்த யூனிட் அது, அதை முன்னால் போட்டுக் கடுமையாகப் பிரேக் பிடிக்கிறேன். ஆயிரம் கிலோ காருக்குச் செய்தது 560 கிலோவைத் தாங்கும் என்பது என் கணிப்பு, 7,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, ஆட்டமில்லை, சத்தமில்லை. 30,000 ஓடிய பிறகு கேட்டால் இன்னும் உறுதியாகச் சொல்வேன். பழுதானால் நாலு போல்ட்டைக் கழற்றி வீட்டு வாசலில் அரை மணியில் மாற்றலாம். பிரஸ் தேடி டவுனுக்குப் போகத் தேவையில்லை, நக்கிளுக்கும் ஒரு கீறல் விழாது.

அடுத்தது வெடிப்பு. இரும்புக்கு ஒரு எல்லை உண்டு, அந்த எல்லைக்குக் கீழே எத்தனை இலட்சம் தடவை அதிர்ந்தாலும் அது சோர்வடையாது. அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது, சின்ன அதிர்வும் அதன் ஆயுளில் ஒரு துளியை எடுத்துக்கொண்டேதான் இருக்கும். நெடுஞ்சாலை மட்டும் ஓடுபவருக்கு இது ஏட்டுக் கணக்கு. தோட்டத்துப் பாதையில் ஓடும் நமக்கு ஒவ்வொரு கல்லும் ஒரு கணக்கு. மாமா சொல்வது: "இரும்பு வளைஞ்சு காட்டும். அலுமினியம் காட்டாம போயிரும்." பண்டாரவளையில் ஒரு நண்பரின் வார்ப்பு அலோய் நக்கிள் மதகின் ஓரக்கல்லில் அடித்த அன்று பார்வைக்கு ஒன்றுமே ஆகவில்லை, மூன்று வாரம் கழித்துக் கேலிப்பர் காது வெடித்து வந்தது. நல்லவேளை வீட்டு வாசலில்.

நான் நக்கிளுக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்திருக்கிறேன். கறுப்பு அடிக்காதீர்கள். இரும்பில் வெடிப்பு விழுந்தால் ஈரம் உள்ளே போய், வெள்ளைமேல் ஒரு பழுப்புக் கோடு தானாக எழுதிக் காட்டும். சக்கரத்தைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்க்க ஐந்து நிமிடம். எங்கள் பக்க மழைக்கு (வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மி.மீ.யைத் தாண்டும்) இந்தக் கோடு சீக்கிரமே வந்துவிடும். அலுமினியத்தில் வெடிப்பைப் பார்க்கச் சாயம் தெளித்துத் துடைத்து மீண்டும் பவுடர் தெளிக்கும் டப்பா வாங்க வேண்டும், செய்யலாம், ஆனால் ஒவ்வொரு மாதமும் யார் செய்வார்கள்?

வெடிப்பு கண்டுபிடித்தாலும் அலோயை என்ன செய்வது என்பது இன்னொரு கேள்வி. ஆர்கன் வைத்து டிக் வெல்டிங் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 6061-டி6இல் வெல்ட் வைத்த இடத்தைச் சுற்றி பலம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும், பழையபடி வர 530 பாகை சூட்டில் வைத்துத் தண்ணீரில் குளிரவைத்து மறுபடி மணிக்கணக்கில் மெல்லிய சூட்டில் பதப்படுத்த வேண்டும். அப்படி ஓர் உலையை மலைநாட்டில் எந்தப் பட்டறையிலும் நான் பார்த்ததில்லை. இரும்பு நக்கிளில் காது வெடித்தால் தீட்டி எடுத்துப் புதுக் காது வெல்ட் பிடித்து, ஜிக்கில் வைத்து முகத்தைச் சரிபார்த்து அடுத்த நாள் ஓட்டலாம்.

மழையைச் சொன்னேன் அல்லவா, அலோயில் இரும்பு போல்ட் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு உலோகமும் ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிக்கும், வெள்ளைப் பவுடராகி போல்ட்டைக் கடித்துக்கொள்ளும். கழற்றும்போது அலுமினிய மரை போல்ட்டோடு சேர்ந்து வரும். செம்பு கலந்த கிறீஸ் பூசாதீர்கள், செம்பு அலுமினியத்தோடு இன்னும் மோசமாகச் சண்டை போடும், நிக்கல் அல்லது நாகம் கலந்தது எடுங்கள். கேலிப்பர் போல்ட்டுக்கு எஃகு மரைச் சுருள் போட்டுவிடுவது நல்லது.

பணம் பற்றிச் சுருக்கமாக. 2022இல் டாலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360 வரை போனபோது வெளிநாட்டிலிருந்து எடுக்கும் உதிரிப்பாகம் என்ற யோசனையே பலருக்கு விட்டுப்போனது. நான் அலோய் ஜோடிக்கு வரி, கப்பல் கூலியோடு கொடுத்த பணத்தில் இரும்பு ஜோடி ஐந்து செய்திருக்கலாம், ஒதுக்கிய முதல் ஜோடியின் செலவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அலோய் எங்கே போட வேண்டும் என்று கேட்டால் என் பதில் சக்கரம். என் பழைய இரும்பு ரிம் ஒவ்வொன்றும் 6.8 கிலோ, இப்போதுள்ள 13 அங்குல அலோய் ரிம் 4.7. வார்ப்பிரும்பு நக்கிளிலிருந்து அலோய் மிச்சப்படுத்தியதற்குக் கிட்டத்தட்டச் சமமான எடை, ஸ்பிரிங்கிற்குக் கீழேயேதான், கூடவே சுழலும் எடை என்பதால் பலன் இன்னும் கூட. பஞ்சிகாவத்தையில் பழையது கிடைக்கும், பழுதானால் அடுத்த ஜோடி கிடைக்கும். அடுத்து கேலிப்பர். அலோய் கேலிப்பர் சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும், ஒரு பக்கத்துக்கு ஒன்றரை கிலோ குறையும். இந்த இரண்டையும் முடித்த பிறகும் கையில் பணமும் மனதில் ஆசையும் இருந்தால் நக்கிளைப் பற்றி யோசியுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதை நான் மனதாரச் சொல்கிறேன். நுவரெலியாவில் 1934 முதல் நடக்கும் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி மாதிரியான ஓட்டத்துக்கு மட்டும் கார் கட்டுபவர் அமுக்கும் பேரிங்குள்ள அலோயே போடலாம். ஏறும் ஓட்டம், சின்ன ஓட்டம், டிஸ்க் சூடேறி நக்கிளுக்கு வரும் முன் முடிந்துவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு சக்கரத்தை ஆட்டிப் பார்க்க ஆளும் இருக்கும். என் இடது பக்க அலோய் நக்கிளை அப்படி ஒரு கார் கட்டும் நானுஓயாப் பையன் வாங்கிக்கொண்டு போனான், குழியை மறுபடி அளந்து 0.02 இறுக்கம் மிச்சம் இருப்பதைக் காட்டித்தான் கொடுத்தேன். வலது பக்கத்துக்குப் புதிதாக ஒன்று கடையக் கொடுத்திருக்கிறான், குழியின் இறுக்கத்தை 0.09 வைக்கச் சொல்லி அனுப்பினேன், இடதுக்கும் ஒரு தடித்த ஸ்லீவ் போட முடியுமா என்று மாமாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறான்.